சிவப்புப் பேனாவில் மூன்று வட்டங்கள்

எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பதினோராவது ஆள் காட்டுக்குள் ஓடி மறைந்த பிறகுதான், செக்கிங் அக்கா அந்த வரைபடத்தை முதன்முறையாக விரித்தாள். அதுகூடச் சரிபார்ப்பதற்காக அல்ல, முகத்தில் அடித்த வெயிலை மறைப்பதற்காக.

மறைக்கப்போன கை பாதியில் நின்றது.

"சர்வேயரே, நாலாம் நம்பர் எங்க இருக்கு?"

புறப்படும் கோட்டில் கடிகாரத்தோடு நின்றிருந்த சர்வேயர் எட்டிப் பார்த்தார். "பள்ளத்துக்குப் பக்கத்துல. ஏன்க்கா?"

"அதை நான் வியாழக்கிழமையே மாத்திட்டேனே."

ஆட்டம் என்னவோ எளிமையானதுதான். கையில் காட்டின் வரைபடமும் ஒரு திசைகாட்டியும் கொடுப்பார்கள். வரைபடத்தில் வட்டமிட்ட பத்து இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடிகள் தொங்கும். ஒவ்வொரு கொடியோடும் ஒரு பஞ்ச் இருக்கும். அழுத்தினால் அட்டையில் ஊசித் துளைகள் விழும். கொடிக்குக் கொடி துளையின் அமைப்பு வேறு. பத்தையும் வரிசையாகத் தேடிப் பிடித்து, குறைந்த நேரத்தில் திரும்பி வருபவருக்குக் கோப்பை.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பதினெட்டு வருடமாக டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்துப் படித்து, எதையும் இரண்டு முறை பார்க்காமல் கையை விட்டு விடாத ஆளாகிப்போனாள். திசைகாட்டி ஓட்டக் குழுவில் சேர்ந்த முதல் மாதமே 'செக்கிங் அக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த வருடப் போட்டியை நடத்தும் பொறுப்பு அவளிடம் வந்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை காட்டைச் சுற்றிவந்தவள், நாலாம் கொடிக்குப் பக்கத்தில் பள்ளம், ஏழாம் கொடிக்குப் பக்கத்தில் முள், ஒன்பதாம் கொடிக்குப் பக்கத்தில் எறும்புப் புற்று என்று கண்டுபிடித்து, மூன்றையும் ஓடைக்கு அந்தப்புறம் மாற்றித் திட்டம் போட்டாள். அச்சகத்துக்கே போய்த் திருத்திய பிரதியை மூன்று முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். புது இடங்களின் பட்டியலை ஒரு சீட்டில் எழுதி, கொடி கட்டப்போகும் தம்பியின் சட்டைப்பையில் தன் கையாலேயே வைத்துப் பட்டனையும் மாட்டிவிட்டாள்.

சனிக்கிழமை அவளுக்குக் கடையில் வேலை. தம்பிதான் அச்சகத்திலிருந்து வரைபடக் கட்டை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் காட்டுக்குள் போய்க் கொடிகளைக் கட்டி, வரைபடங்களை வாசல் காவலாளியின் அறையில் வைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் ஓட்டும் இரவுப் பணிக்குப் போனான்.

இன்று காலை அக்கா எழுபத்துநாலு விசிலையும் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தாள். எழுபத்துநாலு திசைகாட்டியையும் வடக்கே திருப்பிப் பார்த்தாள். வரைபடத்தை மட்டும்தான் பார்க்கவில்லை. அதைத்தான் மூன்று முறை பார்த்தாயிற்றே.

"பழைய மேப்பை அடிச்சுக் குடுத்துட்டாங்க," என்றாள் அக்கா. "கொடியெல்லாம் ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கு. ஜனங்க இந்தப்பக்கம் தேடப்போறாங்க."

"தம்பிக்குப் போன் போட்டுக் கேளுங்களேன்."

போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரவெல்லாம் வண்டி ஓட்டியவன் தூங்குகிறான்.

"அப்ப நிறுத்திடலாம்கா."

"உள்ள போன பதினொரு பேரை என்ன பண்றது? அதுல முதல் ஆளு யாருன்னு தெரியுமில்ல?"

சர்வேயருக்கும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் குழாய்க் கம்பெனியின் மேலாளர். ஆபீசில் யாரோ ஒட்டிய நோட்டீசைப் பார்த்துவிட்டு, தட்டச்சரையும் கிடங்குக்காரரையும் அழைத்துக்கொண்டு தானாகவே வந்து பெயர் கொடுத்திருந்தார். மரியாதைக்காக மூவருக்கும் புறப்படும் வரிசையில் முதல் மூன்று இடத்தைக் கொடுத்தார்கள். நாளைக் காலை மாற்றல் பட்டியலில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். அந்தப் பட்டியலில் வீட்டுக்காரரின் பெயரும் இருப்பதாகப் பேச்சு.

போதாததற்கு வனத்துறைக் கடிதம் வேறு. பன்னிரண்டு மணிக்கு மேல் ஒருவர் உள்ளே இருந்தாலும் அடுத்த வருடம் இந்தக் காட்டில் அனுமதி கிடையாது.

"சிவப்புப் பேனா இருக்கா?" என்றாள் அக்கா.

மீதி வரைபடங்கள் அறுபத்துமூன்று. ஒவ்வொன்றிலும் பழைய வட்டங்கள் மூன்றையும் அடித்து, ஓடைக்கு அந்தப்புறம் புது வட்டங்கள் மூன்றைப் போட வேண்டும். நிமிடத்துக்கு ஒருவர் புறப்படுகிறார். அக்கா முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு போட ஆரம்பித்தாள்.

"என்னங்க, இங்க வாங்க."

பைகளுக்குக் காவலாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்தார். நல்ல மனிதர். திசை மட்டும் அவருக்கு ஆகாது. ஒருமுறை பெரிய கடையின் மூன்றடுக்கு வண்டி நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, எந்த அடுக்கு என்று தெரியாமல் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தவர்.

"இந்தப் பாதையிலயே நேராப் போனா மூணாம் நம்பர் கொடி வரும். பாதைய விட்டு இறங்காதீங்க. அங்க நின்னு, பேனா போடாத மேப்போட வர்றவங்களுக்கெல்லாம் இந்தப் புது இடத்தைச் சொல்லுங்க. பதினொரு பேரு. எண்ணிக்கோங்க."

"நேராத்தானே?"

"நேரா."

வீட்டுக்காரர் வேட்டைக்குப் போகிறவரைப்போலப் போனார்.

எட்டு ஐம்பதுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "எட்டுப் பேருக்குச் சொல்லிட்டேன். எல்லாரும் திட்டிக்கிட்டே ஓடைப்பக்கம் போறாங்க. எங்க சாரும் அந்த ரெண்டு பேரும் மட்டும் வரலை. நான் வர்றதுக்கு முன்னாடியே தாண்டிப் போயிட்டாங்கபோல."

அந்த எட்டுப் பேரில் மூன்று பேரைத் தவறவிட்டிருந்தாலும் பரவாயில்லை. தவறவிட்டது அந்த மூன்று பேரையா. இந்நேரம் மேலாளர் பள்ளத்துப் பக்கம் புதர் புதராகத் தேடி, கால் பிசகி, வீட்டுக்காரரை எந்த ஊர்க் கிளைக்குத் தூக்கியடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு மேலாளர் வந்து சேர்ந்தார்.

சட்டையெல்லாம் வியர்வை. முகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத சிரிப்பு. "முடிச்சுட்டேன்மா," என்று அட்டையை நீட்டினார். நாலு நிமிடத்தில் தட்டச்சர். அவருக்குப் பின்னாலேயே மூச்சிரைத்தபடி கிடங்குக்காரர்.

அக்கா மூன்று அட்டைகளையும் மாதிரி அட்டையோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்று முதல் பத்து வரை துளைகள் அச்சு அசலாக இருந்தன. நாலு, ஏழு, ஒன்பது உட்பட.

மறுபடியும் பார்த்தாள்.

பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஓடைக்கு அந்தப்புறம் இருக்கும் கொடியை ஒருவர் தற்செயலாகக் கண்டுபிடிக்கலாம். மூன்றையுமா? அதுவும் மூன்று பேருமா? இவர்கள் புறப்பட்டபோது புது இடங்கள் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: அவளும் தம்பியும். மூன்றாவதாக, வியாழக்கிழமையிலிருந்து சாப்பாட்டு மேசைமேல் அந்தப் பட்டியலின் நகல் கிடந்தது. அதன்மேல் டம்ளரை வைத்துக் காப்பி குடித்தவர் ஒருவர் உண்டு.

போனை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனாள்.

"என்னங்க, உண்மையச் சொல்லுங்க. உங்க மேலாளர்கிட்ட ஏதாச்சும் சொன்னீங்களா?"

"அவராத்தான் வந்து கேட்டாரு. ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் கேட்டா எப்படிச் சொல்லாம இருக்கறது? உனக்குப் பிடிக்காதுன்னுதான் உன்கிட்ட..."

இணைப்பு அறுந்தது.

அக்கா மரத்தில் சாய்ந்துகொண்டாள். வெள்ளத்தை அணை போட்டுத் தடுக்கலாம், வீட்டுக்குள்ளேயே ஊற்று வந்தால் என்ன செய்வது? ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. நாளைக்குக் கையெழுத்து. ஆனால் பதினெட்டு வருடத்தில் ஒரு மாத்திரையைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தவள் இல்லையே அவள்.

மேலாளரிடம் வந்து நின்றாள்.

"சார், மன்னிக்கணும். உங்க மூணு பேரோட அட்டையையும் சேர்த்துக்க முடியாது."

"ஏன்மா, துளை சரியா விழலையா?"

"துளை சரியாத்தான் விழுந்திருக்கு. அதான் பிரச்சினை."

அவருக்குப் புரியவில்லை. வரைபடம் தவறாக அச்சான கதையைச் சொன்னாள். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு யாராலும் அந்தக் கொடிகளுக்குப் போயிருக்க முடியாது என்று சொன்னாள். எப்படிப் போனீர்கள் என்று கேட்டாள்.

"மேப்பைப் பார்த்துத்தான் போனேன்," என்றார் மேலாளர்.

"நானும்தான்," என்றார் கிடங்குக்காரர்.

"மூணு பேரும் ஒண்ணாப் போனீங்களா?"

"இல்லையே. தனித்தனியாத்தான்," என்றார் தட்டச்சர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

மேலாளர் தன் அட்டையைத் திரும்ப வாங்கி, துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல சாக்கு ஓட்டத்துல கூட நான் கடைசிம்மா," என்றார். "ஒரு போட்டியில முதல்ல வந்தது இன்னைக்குத்தான். சரி, விதின்னு ஒண்ணு இருந்தா அதை மதிக்கணும்." பெஞ்சில் போய் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அதைக் கேட்ட அக்காவுக்கு நெஞ்சில் முள் தைத்தது. தைத்த முள்ளைப் பிடுங்க நேரமில்லை. ஒன்பது பத்துக்குச் சிவப்பு வட்டம் போட்ட வரைபடங்களோடு ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள்.

"நாலாம் நம்பர்ல கொடியே இல்லைங்க."

"நல்லாத் தேடினீங்களா?"

"அரை மணி நேரம். நான் மட்டும் இல்ல, பதினேழு பேரு அந்தப் பாறையச் சுத்திச் சுத்தி வந்தோம். ஒருத்தருக்கொருத்தர் அறிமுகமே ஆயிட்டோம்."

அடுத்து வந்தவர் ஏழும் இல்லை என்றார். அதற்கடுத்தவர், நாலு இல்லாததால் ஏழுக்குப் போகவே மனசு வரவில்லை என்றார்.

சர்வேயர் அக்காவின் காதருகே வந்தார். "அக்கா, மேலாளர் போனப்ப கொடி இருந்திருக்கு. இவங்க போனப்ப இல்ல. நடுவுல அந்த மூணு பேரைத் தவிர யாரும் போகலை."

சொல்லக் கூடாது என்று அக்கா அடக்கிவைத்திருந்த எண்ணத்தை அவர் சொல்லிவிட்டார். பஞ்ச் போட்டதோடு நில்லாமல், மற்றவர்கள் கண்டுபிடிக்கக் கூடாதென்று கொடியையும் அவிழ்த்துவிட்டார்களா?

கேட்கப் போனாள். அதற்குள் மேலாளரே நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, அவள் பார்வை தன் தோள்பையில் நிற்பதைப் பார்த்து, பையைப் பெஞ்சில் கவிழ்த்தார். இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு, முழங்கால் பட்டை, ஒரு களிம்பு. அக்காவின் கை தன்னையறியாமல் களிம்பை எடுத்தது.

"சார், இது காலாவதியாயிடுச்சு," என்றாள்.

"அப்படியாம்மா," என்றார் மேலாளர்.

தட்டச்சர் தன் பையையும் திறந்து காட்ட வந்தார். அக்கா வேண்டாம் என்று கையசைத்தாள்.

கையில் உபரியாக மூன்று கொடிகளும் மூன்று பஞ்ச்களும் இருந்தன. அவற்றோடு சர்வேயரை ஓடைக்கு அந்தப்புறம் அனுப்பினாள். ஆனால் அதற்குள் ஏறக்குறைய எல்லோருமே பொறுமையிழந்து திரும்பிவிட்டார்கள். திரும்பியவர்களுக்கு இப்போது கொடி வந்துவிட்டது, மறுபடி போங்கள் என்று சொன்னால் அடிக்க வருகிறார்கள். ஒருவர் பெயர் கொடுத்ததே தன் மனைவியின் வற்புறுத்தலால்தான் என்று மனைவியை வைத்துக்கொண்டே சொன்னார். அந்த வாக்குவாதத்தையும் அக்காதான் தீர்த்துவைத்தாள்.

பத்து நாற்பதுக்குப் பல் டாக்டர் ஒருவர் நிதானமாக நடந்து வந்தார். அட்டையில் பத்துத் துளைகளும் இருந்தன. நாலு, ஏழு, ஒன்பதில் உபரிப் பஞ்ச்களின் துளைகள்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கலை. நாலாம் நம்பர் பாறைமேல உட்கார்ந்திருந்தேன். எப்படியும் ஒருத்தர் கொடியோட வருவாருன்னு தோணுச்சு. வந்தாரு. அவர் பின்னாலயே ஏழுக்கும் ஒன்பதுக்கும் போனேன்." அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என் கிளினிக்ல ஜனங்க எனக்காக மூணு மணி நேரம் காத்திருக்காங்க. நான் ஒரு நாள் காத்திருந்தா என்ன?"

பத்தும் முடித்து வந்தவர் அவர் ஒருவர்தான். கோப்பையை அவரிடம் கொடுத்தார்கள். பெஞ்சிலிருந்து முதலில் கை தட்டியவர் மேலாளர். அந்தக் கைதட்டல் அக்காவின் கன்னத்தில் விழுந்ததுபோல இருந்தது.

பதினொன்றேகாலுக்கு அக்கா பட்டியலைச் சரிபார்த்தாள். போனவர்கள் எழுபத்துநாலு, வந்தவர்கள் எழுபத்துநாலு. பெருமூச்சு விடப்போனவளுக்குப் பாதியிலேயே நினைவு வந்தது. சர்வேயரைத் தவிர, பட்டியலில் இல்லாத இன்னொருவரும் உள்ளே இருக்கிறார்.

போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஒரு மரத்துக்குப் பக்கத்துல," என்றார் வீட்டுக்காரர்.

"காட்டுல எல்லாரும் மரத்துக்குப் பக்கத்துலதான் இருப்பாங்க. எந்த மரம்?"

"பெரிய மரம். பாதைய விட்டு இறங்கவே இல்லை. பாதைதான் என்னை விட்டு இறங்கிடுச்சு. தண்ணி ஓடற சத்தம் கேக்குது, இடது பக்கமா... இல்ல, நான் திரும்பிட்டேன், வலது பக்கமா." போன் அத்தோடு உயிரை விட்டது.

சர்வேயர் இன்னும் வரவில்லை. வாசல் காவலாளி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டுக்கு அவர் பூட்டை எடுப்பார், கூடவே ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுப்பார். அக்கா விசிலை எடுத்து ஊதினாள். எதிரொலிதான் வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் என்பார்கள். இவள் கண்ணைத் திறந்து வைத்தே விட்டிருந்தாள்.

"அம்மா, மூணாம் நம்பர்லேருந்துதானே திரும்பினாரு?" பின்னாலிருந்து மேலாளரின் குரல் கேட்டது. ஷூவின் கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். "அங்கேருந்து பாதை ரெண்டாப் பிரியும். தண்ணிச் சத்தம் கேக்குதுன்னா ஓடைக்கு மேல இருக்கற ஆலமரத்துக்கிட்ட இருப்பாரு. பேனா போடாத மேப் ஒண்ணு குடுங்க."

"சார், உங்களுக்கு எதுக்கு..."

"ஞாயித்துக்கிழமைதானே. எனக்கும் வேற வேலையில்லை."

அவர் போனார். இருபத்திரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். அவர் கையில் வீட்டுக்காரரின் முழங்கை இருந்தது. வீட்டுக்காரரின் தலையில் காய்ந்த இலைகள். பின்னால், வழியில் சேர்ந்துகொண்ட சர்வேயர். பதினொன்று நாற்பத்தைந்து. காவலாளி பூட்டை மறுபடி ஆணியில் மாட்டினார்.

அக்கா வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மெல்லக் கேட்டாள். "அவர்கிட்ட என்ன சொன்னீங்க? இப்பவாவது சொல்லுங்க."

"ஷூவைப் பத்தி," என்றார் அவர். "எந்தக் கடையில வாங்கினா காலைக் கடிக்காதுன்னு கேட்டாரு. நான் வாங்கின கடையச் சொன்னேன், அதான், காரை விட்டுட்டு வந்தேனே, அந்தக் கடை. நீதான் அந்தக் கடைக்கே போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தியே, அதான் உன்கிட்ட மறைச்சேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையா? பட்டியலைப் பத்தி?"

"எந்தப் பட்டியல்?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம். பிறகு பெஞ்சைப் பார்த்தாள். மேலாளர் ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பாதியைத் தட்டச்சரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு கணக்கு இடறியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. வீங்கிய கண்களோடு தம்பி இறங்கினான். கொடிகளை அவிழ்த்துக்கொண்டு வருவதாக நேற்றே ஒப்புக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, எந்திரிச்சுப் போனைப் போட்டா உன்கிட்டேருந்து இருபத்தாறு கால். ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"ஒண்ணும் இல்லடா. நாலு, ஏழு, ஒன்பது மூணையும் யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. மத்ததைக் கழட்டிட்டு வந்துடு." சொல்லிவிட்டு, அவன் நாலடி போனதும் மனசு கேட்காமல் கூப்பிட்டாள். பெஞ்சில் மேலாளரும் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அந்த மூணையும் நான் சீட்டுல எழுதிக் குடுத்த எடத்துலதானே கட்டினே?"

"இல்லக்கா," என்றான் தம்பி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "அச்சகத்துல பழைய மேப்பையே அடிச்சு வச்சிருந்தாங்க, உன்கிட்ட சொன்னா ராத்திரி பூரா தூங்க மாட்டேன்னு, மேப்புல வட்டம் எங்க இருக்கோ அங்கயே மூணையும் கட்டிட்டேன், ஒருத்தருக்காவது வித்தியாசம் தெரிஞ்சுதா, சொல்லு."